தணிகாசலம் அண்ணனோடு எரியாத பொம்மைகள்

சலூன் நாற்காலியில் எனக்குப் பாதி முகம் சவரம் ஆகியிருந்தபோது செய்தி வந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் தணிகாசலம் அண்ணன் போய்விட்டார். மறுபாதித் தாடியோடு வண்டியை எடுத்தேன். நான் போன வேகத்தைப் பார்த்து முதலியார்பேட்டை சிக்னல் போலீஸ்காரரே ஒதுங்கி வழிவிட்டார்.

அண்ணனை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாரீசில் ஒரு மியூசியத்தில் எகிப்து அறைக்கு முப்பது வருஷம் காவல் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்த நாட்டில் பெரிய மனிதர்களின் கல்லறையில் கையளவு மண் பொம்மைகளை வைப்பார்களாம். மேலுலகத்தில் 'வயலில் இறங்கு' என்று உத்தரவு வந்தால், செத்தவருக்குப் பதிலாகப் பொம்மை எழுந்து 'இதோ வந்தேன்' என்று மண்வெட்டியைத் தூக்க வேண்டும். நாளுக்கு ஒரு பொம்மை, பத்துப் பொம்மைக்கு ஒரு மேஸ்திரி, அவன் கையில் சாட்டை. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு இதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் தெரியும். இன்று எகிப்துக்காரனே வந்தாலும் உட்காரவைத்துப் பாடம் எடுப்பேன்.

"செத்தும் ஒடம்பு வளையல பாரு அவனுங்களுக்கு. அந்தக் கண்ணாடிப் பொட்டியத் தொடைக்கும்போதெல்லாம் எனக்குக் கொமட்டும்டா" என்பார்.

ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்ததும் அவர் இலையைத் தானே சுருட்டி எடுத்துப் போனார். "அண்ணே, பொண்ணு வூட்டுக்காரங்க தப்பா நெனைப்பாங்க" என்று கையைப் பிடித்தேன். "நான் தின்ன எச்சிய இன்னொருத்தன் தொடணுமா? உனக்கு அசிங்கமா இல்ல?" என்றார். நான் என் இலையைத் தூக்கினேன். என்னைப் பார்த்து மண்டபத்தில் ஐந்நூறு பேரும் தூக்கினார்கள்.

இப்படிப்பட்டவரைப் பாடையில் கிடத்தியிருக்கும்போது, பாரீசிலிருந்து வந்து இறங்கிய மகன் பிரபு ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தான். அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்ததுமே போனில் சொல்லி வில்லியனூர்க் குயவரிடம் செய்த சுடுமண் பொம்மைகள், நாற்பது. கைகளைக் குறுக்கே கட்டி, ஆளுக்கொரு மண்வெட்டியோடு. நான் பெட்டியை என் பக்கம் இழுத்தேன்.

"என்னாடா இது?"

"அப்பாவுக்கு இதுன்னா உயிராம். நீங்கதான மாமா போன்ல சொன்னீங்க?"

சொன்னேன்தான். அண்ணனை எகிப்து மேதையாகவும் என்னை அவர் வலது கையாகவும் ஊரெல்லாம் சொல்லி வந்ததில், அவருடைய வெறுப்பு என் வாயில் ஆசையாக மாறியிருந்தது.

"அது நான் கொஞ்சம் ஜோடிச்சதுப்பா. அவரு அதப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்குவாரு. வைக்காத, எடுத்துரு."

"நீங்க எப்ப மாமா ஜோடிக்காம பேசியிருக்கீங்க? இது மட்டும் நெசமா?"

கூடி நின்றவர்கள் சாவு வீடு என்றும் பார்க்காமல் சிரித்தார்கள். என்னை நம்ப ஒருவரும் இல்லை. தட்டைக்கூடத் தானே கழுவிய மனிதரைச் சுற்றி நாற்பது வேலைக்காரர்களை அடுக்கித் தூக்கினார்கள். தடுக்க முடியாமல் பின்னால் நடந்தேன்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போனோம். சுட்ட மண் எரியுமா? சாம்பலைக் கிளறிய வெட்டியான், "என்னா சாமி இது, ஒரு கூட்டத்தையே எரிச்ச மாதிரி கெடக்குது" என்றார். கரி பிடித்த பொம்மைகளும் அண்ணனின் எலும்பும் கலந்து கிடந்தன. கை எது, மண் எது என்று தெரியவில்லை. பிரபு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெட்டியானிடம், "நீங்களே பொறுக்கிக் குடுத்துருங்க" என்றான்.

அந்தச் சொல்தான் எனக்குத் தாங்கவில்லை. வேட்டியை மடித்துச் சாம்பலில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து ஊதி, மண்ணை ஒரு பக்கமும் எலும்பை ஒரு பக்கமுமாகப் பிரித்தேன். "உன் அப்பன்டா. குந்து" என்றேன். நின்றுகொண்டே இருந்தான். பிறகு கைக்குட்டையைப் பையில் வைத்துவிட்டு எதிரே குந்தினான். நாற்பது பொம்மைகளையும் எண்ணி எடுத்த பிறகுதான் எழுந்தோம். வீராம்பட்டினம் கடலுக்கு அண்ணன் தனியாகத்தான் போனார்.

ஞாபகத்துக்கு ஒரு பொம்மையை எடுத்துக்கொள்ளும்படி பிரபு சொன்னான். வேண்டாம் என்றேன். அண்ணனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய அருவருப்பு. என் அழுக்கைத் தொட இன்னொருவர் குனியும்போதெல்லாம் அது என் வயிற்றில் புரள்கிறது. அது போதும் எனக்கு.