ஈரலில் முளைத்தது

எழுபதுகளின் கடைசியில் தென்காசியில், கால்நடை நோய்களைப் பரிசோதிக்கும் சின்ன லேப் ஒன்றில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். செத்த ஆடு மாடுகளின் ஈரலும் மண்ணீரலும் பாட்டிலில் வந்து சேரும். உள்ளே என்ன கிருமி என்று வளர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத் தீனி போட்டு, சூடு கொடுத்து, பெருகும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்த வருஷச் சாரல் மழைக்காலத்தில், இலஞ்சிப் பக்கம் ஒரு வீட்டில் மகனுக்குக் காதுகுத்தி, கிடா வெட்டிச் சாப்பாடு போட்டார்கள். மறுநாள் சிலருக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும். மற்றவர்கள் தேறிவிட்டார்கள். காதுகுத்திய பிள்ளை ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

வீட்டுக் கிடா போதாமல் தென்காசிக் கறிக்கடைக்காரர் ஒருவரிடம் கொஞ்சம் கறி வாங்கியிருந்தார்கள். அவர்தான் செத்த ஆட்டை அறுத்துக் கலந்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. சிலர் வந்து கடையை நொறுக்கி, அவர் கையையும் ஒடித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் கால்நடை டாக்டர் அந்த வீட்டிலிருந்து இரண்டு சாம்பிள் கொண்டுவந்தார். ஒன்று, உப்புக்கண்டம் போட அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கடைக்கறி. மற்றது, வீட்டுக் கிடாவின் ஈரலில் மிஞ்சிய பச்சைத் துண்டு. பழுக்கக் காய்ச்சிய கத்தியை ஈரலின் மேல்புறத்தில் வைத்துப் பொசுக்கினேன். கைபட்டு, ஈ மொய்த்து வந்த அழுக்கெல்லாம் அதில் செத்துவிடும். பிறகு உள்சதையை மட்டும் வெட்டி, கிருமி வளர்க்கும் திரவத்தில் போட்டேன். உள்ளேயிருந்து முளைத்தால் அது பெரும்பாலும் ஆடு உயிரோடிருந்தபோதே அதற்கு இருந்த நோய். மழையில் கரண்ட் நிற்கும்போதெல்லாம் வெந்நீர்ப் பாட்டில்களை இன்குபேட்டருக்குள் அடுக்கிச் சூட்டைக் காப்பாற்றினேன்.

கடைக்காரர் கையில் கட்டோடு தினமும் வந்து வாசலில் நின்றார்.

“யம்மா, ஏதும் முளைச்சிருக்கா?”

“இன்னும் இல்ல அண்ணாச்சி. இதுலேருந்து எடுத்து வேற பிளேட்ல தடவணும். அதுலயும் வளரணும்.”

“எம் பிள்ளையள பள்ளிக்கூடத்துல கல்லக் கொண்டு எறியுதாவ. வெரசா வளக்க முடியாதா?”

வெந்நீர்ப் பாட்டில்களை மாற்றிவைக்க உள்ளே போனேன்.

கடைக்கறியில் நோய்க்கிருமி எதுவும் வளரவே இல்லை. ஈரல் பிளேட்டில் கறுப்புப் புள்ளிகள், மேலே உலோக மினுக்கத்தோடு வந்திருந்தன. அதில் ஒன்றை எடுத்து, கிருமியை அடையாளம் காட்டும் சீரத்துளியில் கலக்கினேன். திரிந்த பால்போலக் கட்டிக்கொண்டது. காய்ச்சலும் கழிச்சலும் கொண்டுவரும் சால்மோனெல்லா.

டாக்டரும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். கிடாவுக்கு முன்பே கழிச்சல் இருந்ததா என்று டாக்டர் கேட்டார்.

“இருந்துச்சு,” என்றாள் தாய். “மழைப்புல்லு தின்னதுன்னு நெனச்சேன். நேந்துவிட்டது, நாளத் தள்ளக் கூடாதுன்னாவ.” பிறகு என்னைப் பார்த்தாள். “ஈரலு ரத்தம் ஊறும்னு அவனுக்குத்தான் மொதல்ல கங்குல லேசாச் சுட்டுக் குடுத்தேன். நீ சொல்லுக்கா. எங்க கிடாதானா?”



“ஆமாம்மா,” என்றேன்.

“வாய மூடுட்டி!” என்று அவள் புருஷன் கத்தினான். “இவங்க கடக்காரனுக்குப் பரிஞ்சி பேசுதாங்க!”

ஊர் அவன் பேச்சைத்தான் நம்பியது. நாங்கள் அனுப்பிய முடிவை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைக்காரர் குடும்பத்தோடு சிவகிரிப் பக்கம் போய்விட்டார். போவதற்கு முன் அந்தத் தாய் அவர் வீடு தேடி வந்து, “எங்க ஆடுதான் அண்ணாச்சி” என்று சொன்னாளாம். அவர் சாமான் கட்டிக்கொண்டே இருந்தாராம்.

சில நாள் கழித்து அவள் லேபுக்கு வந்தாள். மிச்ச ஆடுகளின் புழுக்கையை வாழையிலையில் தனித்தனியாகக் கட்டி வைத்திருந்தாள்.

“இதுகளையும் பாத்துரு. வேற பிள்ளைக்கு வந்துரக் கூடாது.”

பார்த்தேன். ஓர் ஆட்டினுடையதில் மட்டும் வளர்ந்தது. முடிவு கேட்க வந்தவள், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். மூடியைத் திறக்காமல் கண்ணாடி வழியே காட்டினேன். கிட்டே குனிந்து பார்த்தாள்.

“இம்புட்டுக்காணு புள்ளிதானா?” என்றாள்.

அந்த ஆட்டைக் கொன்று புதைத்துவிடச் சொன்னேன். சரி என்று தலையசைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். கிருமியைக் கொல்லாமல் வெளியே கொட்டக் கூடாது என்பதால், அந்தப் பிளேட்டை மற்றவற்றோடு வைத்து நீராவியில் அவித்தேன்.