வண்டிய நான் பாத்துக்கறேன்

வெயிலில் காய்ந்த புது ரெக்சின் சீட்டின் வாசனை... அதோடு கொஞ்சம் டீசல், அம்மா மடியில் உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோல். கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்த அம்பாசடருக்குள்தான் போய் உட்காருகிறேன்.

அப்பா ஏற்காட்டில் டூரிஸ்ட் கார் டிரைவர். ஊரைச் சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு. ஏரி, வியூ பாயிண்ட், சேர்வராயன் கோயில்... எங்கே போனாலும் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, ஒரே வசனம்தான்.

"நீங்க போய்ப் பாத்துப்போட்டு வாங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்."

அவர் முதன்முதலில் ஓட்டிப் பழகியது ஒரு காப்பி எஸ்டேட்டின் அம்பாசடர். வயசானதும் அதை ஷெட்டில் தள்ளிவிட்டார்கள். அப்பா அதைக் கேட்டு வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். பின்சீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரித்து அது இறங்குகிற வரைக்கும் பொறுத்திருந்துதான் வண்டியை இழுத்து வந்தார். அப்படிப்பட்ட மனுஷன்!

சேலத்தில் ஒரு பட்டறையில் போட்டு, கையில் காசு சேரச் சேர ஒவ்வொரு பாகமாக மாற்றி, ஒருவழியாக வண்டி பளபளவென்று வந்து நின்றது. அன்றைக்குத்தான் அம்மா வாயைத் திறந்து ஒன்று கேட்டது.

"ஏனுங்க... இந்த வண்டியிலயே பனிமலைக்குப் போலாமுங்களா? நாம சேந்தாப்புல ஒரு எடமும் பாத்ததில்லீங்க."

கதவைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் நுழைகிற ஊர் எங்களுடையது. ஆனால் கையில் அள்ளுகிற பனியை அம்மா பார்த்ததில்லை. அதைவிட, அந்த 'சேந்தாப்புல'தான் எனக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து ஊரார் குடும்பத்தையெல்லாம் சுற்றிக் காட்டிய மனுஷன், தன் குடும்பத்தோடு எங்கேயும் இறங்கி நின்றதில்லை.

நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன். லீவு சொல்லிவிட்டு நானும் தொற்றிக்கொண்டேன்.

கிளம்பிய அன்றைக்கே கூத்து ஆரம்பித்தது. அம்மா முன்சீட்டுப் பக்கம் போக, அப்பா பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். பழக்கதோஷம்! அம்மா சிரித்துக்கொண்டே, "நான் சவாரி இல்லீங்க" என்று முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சேலத்திலிருந்து டெல்லி வரைக்கும் ஒரே நெடுஞ்சாலை. கர்னூல் தாண்டி வெயில், நாக்பூர் பக்கம் மழை... வழி நெடுக லாரிக்காரர்கள் எங்கள் வண்டியைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நாக்பூர் தாண்டி ஒரு ஹோட்டலில் நிறுத்தினோம். கை கழுவி வருகிறேன் என்று போன அப்பாவைக் காணோம். நானும் அம்மாவும் தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். போய்ப் பார்த்தால்... பின்பக்கம் டிரைவர்களுக்குச் சாப்பாடு போடுகிற பெஞ்சில் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டை முடித்திருக்கிறார்!

"இங்க சூடா குடுக்கறாங்க கண்ணு" என்றார், ஒன்றும் நடக்காததுபோல.

லாட்ஜிலும் அதே கதைதான். காலையில் எழுந்து பார்த்தால், வண்டியின் முன்சீட்டில் காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருப்பார். ரூமில் தூக்கம் வரவில்லையாம்.

ஆக்ரா வரைக்கும் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. தாஜ்மஹால் பார்க்கிங்கில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "நீங்க போய்ப் பாத்துப்போட்டு வாங்க" என்றாரே... அம்மா முகம் சுருங்கிப் போனது. நாங்கள் இருவர் மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். "நல்லா இருந்துச்சுங்க" என்று சொன்னதோடு சரி, டெல்லி வரைக்கும் அம்மா பேசவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மணாலிக்கு மேலே ஒரு வளைவில் திரும்பினோம். மலை முழுக்க வெள்ளை வெளேர் என்று பனி. அப்பா ஓரமாக நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அவர் வாயைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க போய்ப் பாத்துப்போட்டு வாங்க. வண்டிய நான்..."

நான் இறங்கிவிட்டேன். அம்மா இறங்கவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

"அப்ப நானும் வண்டியப் பாத்துக்கறேனுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. இத்தனை தூரம் எதைப் பார்க்க வந்ததோ, அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. அம்மா அதைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா ஹேண்ட்பிரேக்கை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். நான் வெளியே குளிரில் விறைத்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் சாவியை உருவினார். இறங்கி, சுற்றி வந்து, அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தார். "வா புள்ள... சேந்து போலாம்."

நாலு கதவையும் பூட்டி, இழுத்துப் பார்த்தார். போகும்போது திரும்பித் திரும்பி வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார். அம்மா ஒரு கை பனியை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை அப்படியே பொத்திக் கொண்டுவந்து பானட் மேல் வைத்தார். "அதும் பாக்கட்டும், பாவம்."

அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

இப்போது அப்பாவுக்குக் கண் சரியில்லை, வண்டி ஓட்டுவதில்லை. அம்பாசடர் வீட்டு வாசலில் நிற்கிறது, தினமும் துடைக்கிறார். நான் ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறேன். உள்ளே ஏசி, வழி சொல்ல போன். டீசல் வாசனை இல்லை, வழியில் யாரும் ஹாரன் அடித்து வாழ்த்துவதும் இல்லை.

போன மாதம் இருவரையும் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். ஒரே கூட்டம், நிறுத்த இடமில்லை. ஒரு சந்தில் சொருகிவிட்டு, ஆபீஸ் போன் வேறு அடித்துக்கொண்டே இருக்க, என்னை அறியாமல் சொன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கப்பா. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

அம்மா கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்த அப்பா நின்றார். தடவித் தடவி என் பக்கம் வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"எறங்கு சாமி. வண்டி எங்கியும் போயிராது."