கழற்ற முடியாத வயிறு

சைரன் அக்கா கர்ப்பமாக இருக்கிறாள் என்பது அந்த அலுவலகக் கட்டடத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று வயிற்றுக்குள் இருந்த குழந்தை. அதற்கும் தெரியுமா என்பது சந்தேகமே.

கக்கூஸ் கழுவும்போது அவள் பாடினால் மேல் மாடியில் போன் பேசுகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்த மகள் இருக்கிறாள். இந்த நேரத்தில் வயிறு அதன் பாட்டுக்கு ஒரு முடிவெடுத்துவிட்டது.

பஸ் ஓட்டும் புருஷன் சேதி கேட்டதும் பந்தயத்தில் ஜெயித்தவர் போலத் தெருவில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். செல்போன் கடையில் வேலை பார்க்கும் மகள்தான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அம்மா, என் கல்யாணத்துல நீ கைக்குழந்தையோட நிப்பியா? மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"உங்கம்மா இன்னும் சுறுசுறுப்பா இருக்கான்னு நினைப்பாங்கடி."

வீட்டில் இப்படி வாயடித்தாலும் வேலையிடத்தில் மூச்சுவிடவில்லை. காரணம் கான்ட்ராக்டர். துப்புரவுப் பெண்கள் யாருக்காவது வயிறு தெரிந்தால் போதும், அவர் குரல் தேனாகிவிடும். "போம்மா, நல்லா ரெஸ்ட் எடு" என்பார். அந்த ரெஸ்ட்டுக்கு முடிவே கிடையாது. போன வருஷம் நாலாவது மாடியில் ஒரு பெண், கழுவிய வாஷ்பேசினிலேயே வாந்தி எடுத்து மாட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலமே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவள் இன்னும் ரெஸ்ட்டில்தான் இருக்கிறாள். சைரன் அக்காவின் சம்பளம் நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் வீட்டுக்காரர் வந்து வாசலில் நிற்பார். ஆகவே, குண்டான வாட்ச்மேன் கழித்துப் போட்ட கோட்டு ஒன்றை யூனிஃபார்முக்கு மேல் மாட்டிக்கொண்டு, ஏசி குளிரைச் சாக்குச் சொல்லி ஆறு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

அந்தக் கம்பெனி விற்பது என்ன தெரியுமா? குழந்தைகளுக்கான டயபர். சுவரெல்லாம் கொழுகொழு பாப்பாக்கள். லிஃப்ட் கதவு திறந்தால் ஒரு பாப்பா, மூடினால் இன்னொரு பாப்பா. நிஜப் பாப்பா ஒன்று அதே லிஃப்ட்டில் கோட்டுக்குள் ஒளிந்து போய் வந்துகொண்டிருந்தது. பாவம், பிறப்பதற்கு முன்பே தலைமறைவு வாழ்க்கை!

ஒரு நாள் அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு என்றார்கள். ஆண் அதிகாரிகள் எல்லோரும் தாய்மையின் வலியை உணர வேண்டுமாம். அதைப் படம் பிடித்து விளம்பரமாகப் போடுவார்களாம். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள், இறகால் தடவுவது போலப் பேசினார். பயிற்சி முடிந்ததும் சாப்பிட, ஓரத்து மேஜையில் சாப்பாட்டை மூடி வைத்திருந்தார்கள். பெரிய பைகளில் ரப்பர் வயிறுகள் வந்து இறங்கின. உள்ளே தண்ணீர், மணல் மூட்டை, முன்பக்கம் எடுப்பான தொப்புள். பக்கிள் முதுகில் இருந்ததால், மாட்டவும் கழற்றவும் பின்னால் ஒருவர் வேண்டும். அலுவலகப் பெண்கள் ஆளுக்கு ஓர் அதிகாரிக்கு உதவினார்கள். பாக்கி ஆட்களுக்கு மாட்டிவிட சைரன் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

முதலில் ஆள் எடுக்கும் அதிகாரி திரும்பி நின்றார். ஆளை எடுப்பதும் தூக்குவதும் அவர் துறைதான். அடுத்து, படத்தில் தானும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு கான்ட்ராக்டரே வந்து முதுகைக் காட்டினார்.

"இறுக்கிக் கட்டாத. மூச்சு முட்டுது."

"இன்னும் கட்டவே இல்ல சார். அது உங்க சொந்த வயிறு."

கொஞ்ச நேரத்தில் ஹாலே பிரசவ வார்டு ஆகிவிட்டது. குனிந்து பேனா எடுக்கச் சொன்னார்கள். எடுக்கப் போனவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு அம்மா என்றார். மாடிப்படி ஏறச் சொன்னார்கள். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் எடுக்கும் அதிகாரி கால்களை இடுக்கிக்கொண்டு, "மேடம், அவசரமா பாத்ரூம் போகணும்" என்றார்.

"அதுதான் சார் அனுபவம். அந்த உணர்வோடயே கொஞ்ச நேரம் இருங்க" என்றார் பயிற்சி அம்மாள்.

அப்போதுதான் கம்பெனி முதலாளி உள்ளே வந்தார். அவருக்கென்று வைத்திருந்த வயிற்றைத்தான் கான்ட்ராக்டர் மாட்டியிருந்தார். கேமரா முதலாளியின் பக்கம் திரும்பியது. அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். கைகளைத் தூக்கி யாருக்கோ பெல்ட் இழுத்துக்கொண்டிருந்த சைரன் அக்காவின் கோட்டு விலகியிருந்தது.

"அட, இந்தம்மாவும் ஆசையா ஒண்ணு மாட்டிப் பாத்திருக்காங்களே! பரவாயில்ல, அதைக் கழட்டி எனக்குக் குடும்மா."

டிவி சீரியலாக இருந்தால் இந்த இடத்தில் இடி இடித்திருக்கும். இங்கே ஏசி மட்டும் ஒரு முறை செருமியது. சைரன் அக்கா கோட்டை இழுத்து மூடினாள். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவிடலாம். ஆனால் எதைக் கொண்டு வந்து கொடுப்பது?

"இது கழட்ட வராது சார்" என்றாள். "இன்னும் மூணு மாசம் ஆகும். அப்புறமும் உங்களுக்குத் தரமாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தவர் முதலாளி.

கான்ட்ராக்டரின் குரலில் இந்த முறை தேன் இல்லை. "மறைச்சு ஏமாத்திட்டியே! நாளைலேர்ந்து வராத. கார்டைக் குடு."

பயிற்சி அம்மாள் பதறிப்போய் ஆள் எடுக்கும் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, "இவங்க நம்ம ஸ்டாஃப் இல்ல மேடம். நமக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது" என்றார்.

"எப்படி சார் சம்பந்தம் இல்லம்பீங்க? எல்லாம் உங்க மாடியிலதானே நடந்தது?" என்று கான்ட்ராக்டர் வயிற்றை முன்னே தள்ளினார்.

"கொண்டு வந்து விட்டது நீங்கதானே? நீங்கதான் பொறுப்பு!"

"நான் ஏன்? அனுபவிச்சது நீங்க!"

இரண்டு நிறைமாத ஆண்கள் ஒருவரையொருவர் விரல் நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். சைரன் அக்காவுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். கண்ணும் நிறைந்துதான் இருந்தது. ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது எந்தக் காலத்தில் கண்ணைக் கேட்டு நடந்தது?

"சார், ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க. இதோட அப்பா பஸ் ஓட்டிக்கிட்டிருக்காரு. உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குச் சந்தேகமே இல்ல."

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்தான் முதலில் வெடித்துச் சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து, 'எப்ப விசேஷம், லீவு எப்ப போடுவ' என்று இதே அதிகாரியிடம் குத்தல் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"போதும், பயிற்சி முடிஞ்சுது. கழட்டுங்க!" என்று அதிகாரி கணக்குப் பெண்ணுக்கு முதுகைக் காட்டினார். இப்போது அவர் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

கணக்குப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா வேலை என்ன ஆகும்னு சொல்லுங்க சார். அப்புறம் கழட்டறேன்."

"ஏம்மா, விளையாடறியா?"

"இல்ல சார். அந்த உணர்வோடயே இருங்க."

எதிரே நின்ற பெண்ணும் கையைக் கட்டினாள். அப்புறம் அடுத்தவள். வயிறுகள் எல்லாம் மாட்டியது மாட்டியபடி நின்றன. ஓர் அதிகாரி தானே கழற்றிக்கொள்ளப் பார்த்து, கன்றுக்குட்டி வாலைத் துரத்துவது போல ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். சைரன் அக்கா ஒவ்வொரு பெண்ணாகத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை காலம் அந்தப் பெண்கள் யாரும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததாகக்கூட அவளுக்கு நினைவில்லை.

முதலாளி கேமராவைப் பார்த்தார். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவருக்குள் சட்டென்று ஒரு தாயுள்ளம் சுரந்தது.

"இந்தம்மா வேலைக்கு நான் கேரண்டி. சம்பளத்தோட லீவு. என்ன கான்ட்ராக்டர், சரிதானே?"

"பில்லுக்குக் காசு நீங்க குடுத்தா சரிதான்."

"கம்பெனி குடுக்கும்."

சைரன் அக்கா பேசாமல் இருந்திருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். அவள் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மட்டும்னா வேண்டாம் சார். வாந்தி எடுத்ததுக்குப் போன வருஷம் ஒருத்தியை அனுப்பிட்டாங்க. அவளையும் கூப்பிடணும். இனிமே எவளுக்கு வயிறு வந்தாலும் கார்டு கேக்கக் கூடாது."

"இதப் பாரும்மா, இடம் குடுத்தா மடத்தையே..." என்று ஆரம்பித்த முதலாளி, தன்னுடைய அதிகாரிகளின் கூட்டுப் புலம்பலில் நின்றுவிட்டார். ஆள் எடுக்கும் அதிகாரி ஏறக்குறைய அழுதுகொண்டே கெஞ்சினார். "சார், சரின்னு சொல்லிடுங்க சார். என்னால முடியல."

"சரி, சரி! எல்லாருக்கும்தான்!"

பக்கிள்கள் படபடவென்று திறந்தன. வயிற்றைத் தரையில் போட்டுவிட்டு அதிகாரி பாத்ரூமுக்குப் பறந்தார். காலையில் சைரன் அக்காதான் அதைக் கழுவியிருந்தாள். கான்ட்ராக்டர் இடுப்பைப் பிடித்தபடி நாற்காலியில் சரிந்து, "இதை எப்படித்தான் தூக்கிட்டு அலையறீங்களோ" என்று முனகினார்.

"சொன்னா ரெஸ்ட் எடுக்கச் சொல்லிடுவீங்களே சார், அதான் சத்தமில்லாம அலையறோம்."

படம் பிடித்தவன் மைக்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். முதலாளி பக்கத்தில் வந்து, தோளில் கை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் கும்பிட்டபடி நின்றார்.

"சொல்லுங்கக்கா, இப்ப மனசுல என்ன தோணுது?"

சைரன் அக்கா கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். வயிறு வெளிச்சத்துக்கு வந்து நின்றது. முகத்தைத் துடைத்தாள்.

"பசிக்குது தம்பி" என்றாள். "அங்க மூடி வச்சிருக்கற சாப்பாடு எங்களுக்கும் உண்டா, இல்ல தட்டு கழுவ மட்டும்தானா?"