ஏழெட்டுக்கு மூன்று அடி

அம்மாவின் இரங்கல் கூட்டத்தில் பழைய தலைமையாசிரியரின் மகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத டீச்சர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் வரிசையில் உட்கார்ந்து, பெற்றவள் செத்த மூன்றாம் நாள், வாய்விட்டுச் சிரித்தேன். பின்னால் இருந்த பெண்கள் எனக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும், எனக்கென்ன.

என் அம்மா எண்பத்தொரு வருடம் வாழ்ந்தாள். பன்னிரண்டு வருடம் டீச்சர். நாற்பது வருடம் தையல் கடை முதலாளி. ஐம்பத்திரண்டு வருடம் எனக்குத் தாய். இதற்கிடையில் ஒரு பையனின் விரலை உடைத்தாள், ஒரு ஆம்பளையின் மணிக்கட்டை உடைத்தாள். இரண்டும் ஒரே ஆளுடையவை. அந்த ஆளுக்குத்தான் நடுவில் என்னைக் கட்டிக்கொடுத்தாள். இதையெல்லாம் மைக்கில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விரல். அப்போது எனக்கு ஐந்து வயது. அப்பா பஸ் கண்டக்டர். பணிமனையில் பின்னால் வந்த பஸ் அவரைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. இரண்டே வாரத்தில் அம்மா வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், அவள் எடுத்த மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் என்னையும் உட்கார வைத்தாள். அங்கேதான் என் அம்மாவை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தது வேறு யாரோ.

அவளிடம் பித்தளை விளிம்பு வைத்த மர ஸ்கேல் ஒன்று இருந்தது. சரியாக ஒரு அடி நீளம். பிள்ளைகள் அதை 'அடி ஸ்கேல்' என்பார்கள். அவர்கள் சொன்ன அடி வேறு. தப்பு செய்தவனை எழுப்பி நிறுத்தி, "கையை நீட்டு" என்பாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி கை தானாக நீளும். கண் தானாக மூடிக்கொள்ளும். எண்ணி மூன்று அடி. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவளே எண்ணுவாள். நாலாவது அடி எப்போதும் கிடையாது. அதுதான் தன் நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வாய்ப்பாடு. இரண்டாவது பெஞ்சில் சுருட்டை முடியோடு ஒரு பையன். எல்லோரும் அவனைச் சுருட்டை என்றே கூப்பிடுவார்கள். அவனை எழுப்பி, "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டாள்.

அவன் நன்றாக யோசித்துவிட்டு, "ஏழோ எட்டோ இருக்கும் டீச்சர்" என்றான்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் கேலி செய்யவில்லை. ஏழெட்டுப் பேர் வந்தார்கள், ஏழெட்டு நாள் ஆகும் என்று அவன் வீட்டில் பேசுவதைத்தான் அவன் கேட்டிருந்தான். ஏழாம் வாய்ப்பாடு அவனுக்கு வரவே இல்லை. அம்மாவுக்கு இது உறைக்கவில்லை. புருஷன் செத்து வந்து நிற்கிறவளைப் பார்த்து ஒரு வகுப்பே சிரிக்கிறது, அதுதான் அவள் காதில் விழுந்தது.

"கையை நீட்டு."

ஒண்ணு. ரெண்டு. மூன்றாவது அடிக்கு ஸ்கேலைத் திருப்பிப் பித்தளை விளிம்பால் அடித்தாள். பச்சைக் குச்சியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். சுருட்டையின் சுண்டு விரல் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு நின்றது. அவன் அலறவில்லை. விரலையே பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் சிறுநீர் கழித்தான். அப்புறம்தான் அலறினான்.

மறுநாள் அவன் அப்பா வந்தார். மரக்கடைக்காரர். சண்டைக்கு வருகிறார் என்று தலைமையாசிரியர் முதற்கொண்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "தோலை உரிச்சுடுங்க டீச்சர், கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டா போதும்" என்றார். சொன்னதோடு நிற்காமல், கட்டுப் போட்ட கையோடு நின்ற பையனின் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார். பையன் மேஜை மேல் போய் விழுந்தான். தலைமையாசிரியர் சிரித்தார். அம்மா அன்று மாலையே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"இந்தக் கையால இனி துணியைத்தான்டி வெட்டுவேன்" என்றாள் என்னிடம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் வேறு எப்படிச் சொல்வாள்!

இரண்டு மிஷினோடு ஆரம்பித்தது யூனிஃபார்ம் கடை. பத்து வருடத்தில் பதினாறு மிஷின், ஒரு கட்டிங் மாஸ்டர், பட்டன் துளைக்குக் காஜா எடுக்க நாலு பெண்கள். ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை நடந்தாலும் அது அம்மா வெட்டிய துணியில்தான் நடக்கும். அந்த அடி ஸ்கேல் மட்டும் அவளை விடவில்லை. வெட்டு மேஜையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில், சாக்பீஸ் தூள் படிந்து கிடந்தது. அதை வைத்துக் காலர் அளப்பாள்.

கைக்கு அளவெடுக்கும்போது பழைய வார்த்தையேதான்: "கையை நீட்டு." ஒருதடவை, அம்மாவிடம் படித்து வங்கியில் வேலை பார்க்கும் ஒரு மனிதர் சட்டை தைக்க வந்தார். மீசை, தொப்பை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அம்மா டேப்பை எடுத்துக்கொண்டு "கையை நீட்டு" என்றதும் உள்ளங்கையை மேலே காட்டிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பதினாறு மிஷினும் நின்று கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். அம்மா உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வெகுநேரம் கழித்து வந்தாள்.

இனி சுருட்டை. அவன் வளர்ந்து அப்பாவின் மரக்கடையைப் பார்த்துக்கொண்டான். எனக்கு இருபத்து மூன்று ஆனபோது பெண் கேட்டு வந்தான். ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான், பொய் சொல்லக் கூடாது. அம்மா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. தட்டில் இருந்த டம்ளரை எடுத்த கையை மட்டும் பார்த்தாள். சுண்டு விரல் கோணிக்கொண்டு தனியாக நின்றது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றாள். ஒரு விரலுக்கு ஒரு பெண். நல்ல வியாபாரம்!

கல்யாணமான நாலாம் மாதம் முதல் அறை விழுந்தது. சோற்றில் கல் என்று காரணம். உதடு கிழிந்து அம்மா வீட்டுக்கு ஓடி வந்தேன். ஐஸ் வைத்து ஒற்றி எடுத்துவிட்டு, "அவன் கெட்டவன் இல்லடி, நான் கெடுத்தவன்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அடுத்த வருடம் கதவிடுக்கில் என் தலையை வைத்து இழுத்துச் சாத்தினான். காது கிழிந்து ஏழு தையல். அப்போதும் அம்மா ஆட்டோ பிடித்து என்னை அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டாள். வழியெல்லாம் அழுதாள். அழுதால் ஆயிற்றா? ஆட்டோவைத் திருப்பு என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை. அன்றைக்கு அவனைவிட அவளைத்தான் நான் அதிகம் வெறுத்தேன். இன்னும் ஒருதடவை அவன் அடித்தால் பிழைக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. இவள் என்னை வாசலுக்குள் விடுவாளா மாட்டாளா, அதில்தான் என் உயிர் இருந்தது.

மூன்றாம் வருடம் ஒரு காலையில் கடைக்குப் போனேன். சொல்வதற்கு ஒன்றுமில்லாதவள்போல், ஒரு ரவிக்கை தைக்க வேண்டும் என்றேன். அம்மா டேப்பை எடுத்தாள்.

"கையை நீட்டு."

நீட்ட முடியவில்லை. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அவள் என் ரவிக்கையை விலக்கிப் பார்த்தாள். முதல் நாள் சுருட்டை மரச் சட்டத்தால் அடித்திருந்தான். தோளிலிருந்து விலா வரை கறுத்துப்போயிருந்தது. அம்மா டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

அரைமணி நேரத்தில் அவனே வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றாமல் மிஷின்களுக்கு நடுவில் புகுந்து, என் முடியைக் கொத்தாகப் பிடித்தான்.

"சொல்லாம கொள்ளாம வீட்டை விட்டு வருவியா? நடடி!"

என் நெற்றியை மிஷின் தலையில் மோதினான். ரத்தம் கண்ணில் வழிந்தது. கட்டிங் மாஸ்டர் பாவம், அறுபது வயது மனிதர், "தம்பி, விடுப்பா" என்று எழுந்து வந்தார். வயிற்றில் ஒரு உதை வாங்கித் துணிக் கட்டுகள் மேல் சரிந்தார். காஜா எடுக்கும் பெண்கள் சுவரோரம் ஒண்டினார்கள். சுருட்டை இன்னொரு தடவை என் தலையைப் பின்னால் இழுத்தான்.

"கையை நீட்டு."

அம்மாவின் குரல்தான். இருபத்தொரு வருடம் முந்தைய குரல். என் முடியிலிருந்து அவன் பிடி விட்டது. வலது கை நீண்டது. உள்ளங்கை மேலே திரும்பியது. கண் மூடியது. அத்தனை பெரிய உடம்பு இரண்டாவது பெஞ்சில் நிற்பதுபோல் நின்றது.

"டீச்சர்" என்றான். கல்யாணத்துக்குப் பிறகு அவளை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவான்.

அடி, அடி என்று என் மனசு துடித்தது. அம்மா ஸ்கேலை எடுத்தாள். எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அப்புறம் தன் வலது கையை அவன் முன்னால் நீட்டினாள்.

"உன்னை எண்ணி மூணு அடி அடிச்சேன். மூணையும் திருப்பிக் கொடு."

"வேணாம் அத்தை..."

"அத்தை இல்ல. டீச்சர். அடிடா!"

அவன் அடித்தான். ஒண்ணு என்றாள். ரெண்டு என்றாள். மூன்றாவதற்கு அவனாகவே ஸ்கேலைத் திருப்பினான். அந்தச் சத்தத்தை நான் இரண்டாம் தடவை கேட்டேன். அம்மாவின் சுண்டு விரல் வெளிப்பக்கம் போயிற்று. அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது, ஆனால் "மூணு" என்று தெளிவாகச் சொன்னாள்.

"கணக்குத் தீர்ந்துபோச்சு. இனிமே நீ எனக்கு யாரும் இல்ல. என் பொண்ணு உன்கூட வரமாட்டா. வெளியே போ."

அவனுக்கு இது புரியவே இல்லை. ஸ்கேலை வீசிவிட்டு மறுபடியும் என் முடிக்குக் கை நீட்டினான். அம்மா இடது கையால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். சூடான பெட்டி. எலும்பு போனதும் தோல் பொசுங்கியதும் ஒன்றாக நடந்தது. அவன் தரையில் உருண்டு மாடுபோல் கத்தினான். அம்மா குனிந்து, இரண்டாவது தடவை இறக்கப் போனாள். கட்டிங் மாஸ்டர் தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் மண்டை போயிருக்கும்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

அம்மா பெட்டியை அதன் இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, வெட்டுத்துணிக் கூடையில் வாந்தி எடுத்தாள். சுருட்டை அந்த வாசலை மிதித்தது அதோடு சரி. போலீசுக்கும் போகவில்லை. மாமியார் அடித்தாள் என்று எந்த வாயால் சொல்வான்?

"எதுக்கும்மா அவன்கிட்ட அடி வாங்கினே?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். எனக்கு நெற்றியில் கட்டு, அவளுக்கு விரலில் கட்டு.

"வாங்கினாத்தான்டி திருப்பி அடிக்க முடியும்."

"அதை மூணு வருஷம் முன்னாடியே வாங்கியிருக்கலாம்ல?"

பதினைந்து நாள் நான் அவளோடு பேசவில்லை, அவள் வீட்டிலேயே இருந்துகொண்டு. பிறகு ஒருநாள், கோணல் விரலோடு அவள் கத்தரிக்கோலைப் பிடிக்கப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் போய்த் துணியைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே இருபது வருடத்துக்கு மேல் பிடித்தேன். இப்போது கடை என்னுடையது.

கடைசி மாதங்களில் அவளுக்கு நினைவு பிசகிவிட்டது. என்னைக் காஜா எடுக்கும் பெண் என்று நினைத்து வேலை சொல்வாள். சாவதற்கு நாலு நாள் முன்னால் நர்ஸ் ஒருத்தி ரத்தம் எடுக்க வந்து, "கையை நீட்டுங்கம்மா" என்றாள்.

அம்மா உள்ளங்கையை மேலே காட்டினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

நர்ஸ் ஊசியைக் குத்தினாள். "ஒண்ணு" என்றாள் அம்மா. நரம்பு கிடைக்கவில்லை, மறுபடியும் குத்தினாள். "ரெண்டு." ரத்தம் வந்துவிட்டது, பஞ்சை வைத்துவிட்டு நர்ஸ் போய்விட்டாள். அம்மா கையை எடுக்கவில்லை. நீட்டியபடியே மூன்றாவதற்குக் காத்திருந்தாள்.

நான் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். "மூணும் ஆயிடுச்சும்மா. முடிஞ்சுது" என்றேன்.

கண்ணைத் திறந்தாள். என்னை யாரென்று நினைத்தாளோ தெரியாது.

"ஏழோ எட்டோன்னு சொன்னான்டி அந்தப் பையன். சரியாத்தானே சொன்னான்?"

என் காதில் இன்னும் அந்த ஏழு தையலின் தழும்பு இருக்கிறது. மழை நாளில் தோள் வலிக்கிறது. அவனைப் பற்றி இருபத்தாறு வருடமாக நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

"சரியாத்தான்மா சொன்னான்" என்றேன். அதற்குப் பிறகுதான் அம்மா கையை மடக்கினாள்.