மேலூர்ப் பக்கம் ஒரு மாவுக்கட்டுப் பிரிப்பு விழா

மதுரையில் காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் வைப்பார்கள், நாய்க்குட்டி பிறந்தநாளுக்கும் வைப்பார்கள். மாவுக்கட்டு பிரிப்பதற்கு வைத்து நான் பார்த்ததில்லை. பழங்காநத்தத்தில் ஃபிளெக்ஸ் கடை நடத்தும் என் தோழி செல்வி போன மாதம் ஒரு சனிக்கிழமை படம் அனுப்பினாள். தாய்மாமன்கள் கும்பிட்டபடி நிற்க, நடுவில் கையில் கட்டோடு பறைக் கலைஞர் பாண்டி. ‘மாவுக்கட்டுப் பிரிப்பு விழா, அனைவரும் வருக.’ மறுநாளே அவளோடு கிளம்பிவிட்டேன்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டேகாலுக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, வாழ்க! மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் பிடித்தோம். முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய்.

வழியில் செல்வி கதையைச் சொன்னாள். போலீஸ் கஞ்சா வேட்டை நடத்திய இரவில், கச்சேரி முடித்து வந்த பாண்டியையும் ஸ்டேஷனுக்குப் பிடித்துப்போனார்கள். பையில் இருந்தது பறைக்குச்சி இரண்டுதான். காலையில் வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாராம், போலீஸ் சொல்கிறது! அவருடைய கலைக்குழு அதையே வீதி நாடகமாக எழுதி அனுமதி கேட்டது, கிடைக்கவில்லை.

“வீட்டு விசேஷத்துக்கு யாருட்டக்கா பெர்மிஷன் கேக்கணும்?” என்றார் ஆட்டோ ஓட்டிய அண்ணன். அவரும் விழாவுக்குத்தான் வந்தார்.

ஊர் எல்லையில் வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாவுக்கட்டை அன்று காலையே ஆஸ்பத்திரியில் வெட்டியாயிற்று. வெட்டிய ஓட்டுக்குக் குங்குமம் வைத்து, முதல் சீர்த்தட்டில் ஏற்றியிருந்தார்கள். தாய்மாமன் தவமணி மைக்கில் சீர் வாசித்தார்: “வாளி ஒண்ணு! மக்கு ஒண்ணு! வழுக்காத செருப்பு ஒரு ஜோடி! எம் மருமகன் இனிமே எந்த பாத்ரூம்லயும் விழக்கூடாதுல்ல!”

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சீர் சுமந்து வந்த கலைஞர்கள் ஒவ்வொருவராக வழுக்கி விழுந்து ஆடினார்கள். அனுமதி கிடைக்காத நாடகம் அதுதான். பாண்டியின் மனைவி மலர் மைக்கை வாங்கினார்.

“கஞ்சாவ ஒழிங்க, நாங்களும் கூட வாரோம். அதுக்கு எதுக்குங்க எங்க கைய ஒடிக்கிறீக?”

ஊரே கைதட்டியது. அப்போது பைக்கில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். என்ன கூட்டம் என்று கேட்டார்கள்.

“மருமகனுக்குக் கட்டுப் பிரிக்கிறோம் சார், சாப்ட்டுட்டுப் போங்க!” என்றார் தவமணி, இலையைக் காட்டி.

அவர்கள் வண்டியை அணைத்துவிட்டு ஃபிளெக்ஸைப் பார்த்தபடி நின்றார்கள். காக்கியைக் கண்டதும் பாண்டியின் முகம் செத்துவிட்டது. தோளில் மாட்டியிருந்த பறையைக் கழற்றப் போனார். கை தேறினாலும் போலீஸ்காரர்கள் முன்னால் அடிக்க முடியுமா என்பதுதான் நாற்பது நாளாக அவருக்குப் பயம் என்று மலர் என்னிடம் சொல்லியிருந்தார்.

“மாப்ள, மெதுவா... சும்மா ஒரு தட்டு,” என்றார் பக்கத்துப் பறைக்காரர்.

முதல் தட்டில் குச்சி நழுவி விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. மலர் அதை எடுத்து அவர் விரல்களை மடக்கிப் பிடிக்க வைத்தார். மூன்றாவது தட்டு விழுந்ததும் மற்ற எட்டுப் பறைகளும் சேர்ந்துகொண்டன. ஐயோ, அந்தச் சத்தம்! பக்கத்தில் யாரென்று பார்க்காமல் நானும் ஆடினேன். இரண்டு போலீஸ்காரர்களில் இளையவரின் கால் தாளம் போட்டதையும் பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும், தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்ப ஆட்டோ மாலை ஐந்தரைக்குமேல் கிடைப்பது கஷ்டம். சாப்பிடாமல் விடமாட்டார்கள், வயிற்றைக் காலியாக வைத்திருங்கள். இப்படிப்பட்ட விழாக்களை அறிவிக்க இணையதளம் எதுவும் கிடையாது, ஃபிளெக்ஸ் கடைக்காரர்களிடம் சிநேகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கிளம்பும்போது அந்தப் போலீஸ்காரர்களும் வண்டியைக் கிளப்பினார்கள். பாண்டி வேகமாக அவர்களிடம் போனார். பறை இன்னும் தோளில்தான் இருந்தது.

“சார்,” என்றார், “நான் வழுக்கி விழல.”