வாழைநார் கட்டிய பொதி

சனிக்கிழமை சாயங்காலம் தெருப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகச் சோற்றுப் பொதி சேர்க்கிறார்கள். வாழையிலையில் கட்டிய சோறு. திருவனந்தபுரத்தில் இது வழக்கம்தான். யார் சமைத்தது என்று தின்பவருக்குத் தெரியாது. யார் தின்பது என்று சமைத்தவருக்கும் தெரியாது.

"மாமா, நாளைக்கு அஞ்சு பொதி கிட்டுமோ?"

"தாரேன்."

"மாமி எங்க?"

"விதுராவுல தங்கச்சி வீட்டுல."

"அப்போ யாரு வைப்பாங்க?"

"நான்தான்."

ஒருவன் மற்றவனைப் பார்த்தான். "மூணு போதும், மாமா" என்றான்.

ஐந்தே கட்டினேன். என் சமையல் இப்போது அவ்வளவு மோசமில்லை. முன்பு மோசம். முதல்முறை மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அவித்தபோது, வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தண்ணீரிலும் சத்து இருக்குமே என்று வற்றவிட்டேன். லீலா, அவள்தான் என் வீட்டுக்காரி, ஒரு வாய் வைத்தாள். கசப்பு. "நேரா விஷம் வாங்கிட்டு வந்திருக்கலாமே, கிழங்கு காசு மிச்சம்" என்றாள். அவள் சிரிக்காமல்தான் சொல்லுவாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இலையை அடுப்பில் வாட்டினேன். வாட்டாவிட்டால் மடிக்கும்போது கிழியும். இலை வாடும்போது ஒரு மணம் வரும். பச்சையும் இல்லை, கருகலும் இல்லை. எனக்கு அது சாலைக் கம்போளத்தின் மத்தியான மணம்.

சாலைக் கம்போளம் இந்த ஊரின் பெரிய சந்தை. நான் அங்கே மூட்டை சுமந்தவன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தேன். படிப்பு ஐந்தோடு சரி. லாரியில் வருகிற காய்கறி என் தலைவழியாகத்தான் கடைக்குள் போகும். கத்தரிக்காய், புடலங்காய், வெண்டைக்காய். எல்லாம் சுமந்திருக்கிறேன். தின்றதில்லை. தின்றது பரோட்டா. விடிகாலையில் பரோட்டா, மத்தியானம் சரசம்மச் சேச்சி கடையில் பொதிச்சோறு, சாயங்காலம் எண்ணெயில் பொரித்தது எதுவானாலும். சுமக்கிற உடம்புக்கு அது வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் செட்டில், அதாவது சேர்ந்து மூட்டை தூக்குகிற கூட்டத்தில், எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஒருநாள் சின்ன வெங்காய மூட்டை. தலையில் ஏற்றினார்கள். எதிரே கடை இரண்டாகத் தெரிந்தது. எந்தக் கடைக்குள் போவது என்று யோசித்து நின்றேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். வெங்காயம் தெருவில் ஓடியது. பசுமாடு ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

டாக்டர் பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மாத்திரை எழுதினார். உப்பு, எண்ணெய், ஊறுகாய், பரோட்டா எல்லாம் குறைக்கச் சொன்னார். "இது இறங்காம சுமடு எடுத்தா, ஒருநாள் மூட்டைக்கு அடியில கிடப்பே" என்றார். மருந்து கசந்தது. பேச்சு அதைவிட.

செட் லீடர் சுகுமாரன் அண்ணன் கறாரான ஆள். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டாக்டர் சரின்னு சொன்னா சுமடு எடு. அதுவரைக்கும் வண்டி தள்ளு. ஓணம் வரைக்கும் பாப்பேன். சரியாகலைன்னா உனக்க இடத்துக்கு வேற ஆளு வரும், கேட்டியா."

கேட்டேன். சித்திரை நடந்துகொண்டிருந்தது. ஓணம் ஆவணியில். செட்டில் ஒரு இடம் என்பது லேசில் கிடைப்பதில்லை. கிடைத்தவன் விடுவதில்லை. போனால் திரும்பவும் வராது. எனக்கு வேறு தொழில் தெரியாது. ஊரில் நிலமும் இல்லை.

லீலா போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். வேலை குறைந்த மாதங்களில் அங்கே எதையெல்லாம் கறி வைப்பார்கள் என்று அவள் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சேம்பிலை, பூசணித் தளிர், தகரைக் கீரை. காசில்லாமல் கிடைப்பது எதுவும் அவளுக்குக் கறிதான். ஒரு வருஷம் பக்கத்து வீட்டுப் பலா மரம் காய்த்துத் தள்ளியது. அவர்கள் சும்மா தந்தார்கள். எங்கள் வீட்டில் காலையில் பலாக்காய் அவியல், மத்தியானம் பலாக்கொட்டைக் கூட்டு, ராத்திரி பழம். பிசின் ஒட்டுகிறதென்று கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்று தாசனிடம் சொன்னேன். தாசன் என்னோடு சுமக்கிற மலையாளத்துக்காரன். நம்பினான்.

டாக்டரிடம் போய்வந்த ராத்திரி அவள் கஞ்சியும் அவித்த கீரையும் வைத்தாள்.

"என்னதுட்டி இது?"

"கஞ்சி."

"உப்பு?"

"டாக்டர் எடுத்துக்கிட்டாரு."

"கஞ்சி குடிச்சா மூட்டை தூக்க முடியுமா? மாட்டுக்கு வைக்கதை மனுசனுக்கு வைக்கே."

தட்டைத் தள்ளினேன். மறுநாள் சேச்சி கடையில் வயிறு நிறையத் தின்றேன். அதற்கு மறுநாளும். லீலா சண்டை போடவில்லை. அவள் சண்டை போடாவிட்டால் நான் கொஞ்சம் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டொரு நாள் கழித்துச் சேச்சி ஒரு பொதியைத் தனியாக எடுத்துத் தந்தாள்.

"இது உனக்கு."

மற்றவர்களின் பொதி சணல் நூலில் கட்டியிருந்தது. என்னுடையது வாழைநாரில். தலைச்சுமையிலிருந்து வண்டிக்கு இறங்கினவனுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தாசனிடம் காட்டினேன்.

"நீ எந்தரு, சேச்சிக்க மருமகனா?" என்றான்.

தினமும் வாழைநார்தான். அது என் வீட்டு அடுப்பில் வெந்த சோறு. இதை எழுதுகிறபோது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. லாரி விடியுமுன்னே வந்துவிடும் என்பதால் நான் இருட்டில் கிளம்பிவிடுவேன். அதன்பிறகு அவள் சமைப்பாள். கம்போளத்துக்குப் பின்னால் சில வீடுகளில் கூட்டித் துடைக்கப் போகிறவள், போகிற வழியில் சேச்சியிடம் பொதியைக் கொடுத்துவிடுவாள். நான் சேச்சிக்குக் கொடுத்த காசு லீலாவிடமே போயிருக்கிறது. என் வீட்டுச் சோற்றை நான் விலைக்கு வாங்கித் தின்றேன். ஒருநாள் பேரம்கூடப் பேசினேன். மீன் சின்னதாக இருக்கிறது, குறைத்துக்கொள் என்று. சேச்சி குறைத்தாள்.

லீலா தான் செய்த வேலையைப் பிறகு சொன்னாள். முதல் வாரம் கடை உப்பேதான். அடுத்த வாரம் ஒரு நுள்ளு குறைவு. அதற்கடுத்து இன்னொரு நுள்ளு. உப்பு எழுந்துபோன இடத்தில் குடம்புளியை உட்காரவைத்தாள். காந்தாரி மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. வாட்டின இலையின் மணம் வேறு. நாக்கு ஏமாளி. அதற்கு ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும். சம்பாச் சோறு வாரத்துக்கு வாரம் சுருங்கியது. துவரன், அதாவது தேங்காய் போட்ட பொரியல், பெருத்துக்கொண்டே வந்தது. நான் வயிறு நிறைந்தது என்றே எழுந்தேன். வாழைத்தண்டு கம்போளத்தில் தூக்கிப் போடுவது. முருங்கைக்கீரை பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது. பப்பாளிக்காய் யாரும் விலைக்கு வாங்காதது. மீன் என்றால் சாளைதான். விழிஞ்ஞத்து மீன்காரிகள் கூடை காலியாகிற நேரத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ராத்திரி வீட்டில் பேச்சு இப்படிப் போகும்.

"இன்னைக்குச் சேச்சி கடையில என்ன?" என்று கேட்பாள்.

"வாழைத்தண்டு துவரன். கொள்ளாம். நீயும் அதே தண்டுதான் வைக்கே. அந்த மணம் உனக்கு வராது."

"மீனு?"

"புளி கொஞ்சம் கூடிப்போச்சு."

மறுநாள் மீனில் புளி சரியாக இருக்கும். நான் மனசில் நினைத்தது சேச்சிக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்கு ஆச்சரியம். இதையும் லீலாவிடம் சொன்னேன். "சிலபேருக்குக் கைராசி" என்றாள். "ஒருநாள் போய்ப் படிச்சிட்டு வா" என்றேன். "போறேன்" என்றாள்.

ஆடி மழை. வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சுமட்டுக்காரர் ஷெட்டில் உட்கார்ந்தோம். தாசன் என் பொதியைப் பிடுங்கினான்.

"இன்னைக்கு வாழைநார் எனக்கு. நீ சணலைத் தின்னு."

விட்டேன். அவன் பொதியைப் பிரித்து ஒரு வாய் வைத்தேன். விழிஞ்ஞம் கடலில் ஒரு மடக்குக் குடித்தது போல இருந்தது. விரலெல்லாம் எண்ணெய். ஊறுகாய் நாக்கைக் கடித்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தாசன் முதல் வாயில் முகத்தைச் சுளித்தான். உப்பு எங்கே என்றான். பிறகு பார்த்தால், இலையை வழித்துக்கொண்டிருந்தான்.

மழையிலேயே சேச்சி கடைக்கு ஓடினேன்.

"என்ன சேச்சி, இன்னைக்கு உப்புச் சாக்கு கவிழ்ந்துபோச்சா?"

"என்னைக்கும் உள்ள உப்புதான், மோனே."

"நான் தினமும் திங்கேன். எனக்குத் தெரியாதா?"

சேச்சி தோர்த்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. "நீ இத்தனை நாளும் தின்னது எனக்க சோறு இல்லடா. உனக்க வீட்டுல போய் கேளு" என்றாள்.

அங்கேயே நின்றேன். தகரத்தில் மழை அடித்தது. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பசிதான் வந்தது.

அன்று ராத்திரி லீலா கஞ்சியும் முருங்கைக்கீரையும் வைத்தாள். சாப்பிட்டேன். சேச்சி அவளிடம் சொல்லியிருப்பாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கை கழுவும்போது சொன்னேன்.

"நாளைக்கு மீன்ல காந்தாரி ஒண்ணு கூடப் போடலாம்."

"சேச்சிகிட்ட சொல்லுங்க" என்றாள்.

அதன்பிறகு பொதியை வீட்டிலிருந்தே எடுத்துப்போயிருக்கலாம். எடுத்துப்போகவில்லை. எல்லாருக்கும் நடுவில் சேச்சி கையிலிருந்து வாழைநார்ப் பொதியை வாங்குவதில் ஒரு கெத்து இருந்தது. அதை ஏன் விடவேண்டும்.

ஓணத்துக்கு முன்னால் டாக்டரிடம் போனேன். முந்தின ராத்திரி தூக்கமில்லை. லீலாவும் தூங்கவில்லை. இரண்டுபேரும் தூங்குவதுபோலக் கிடந்தோம். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றினார். காற்று ஏறியது. இறங்கியது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இறங்கியிருக்கு. மாத்திரையை விடாதே. சாப்பாடு எப்படி?"

"கடைச்சோறு, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் கடை? மத்த ஆளுகளையும் அங்க அனுப்பலாமே" என்றார்.

சுகுமாரன் அண்ணன் டாக்டர் சொன்னதைக் கேட்டார். தலையாட்டினார். ஒரு இஞ்சி மூட்டையைக் காட்டினார். அவ்வளவுதான் அவர் பேச்சு. தாசனும் இன்னொருவனும் ஏற்றிவிட்டார்கள். எதிரே கடை ஒன்றாகவே தெரிந்தது. நடந்தேன்.

பிறகு தாசன் தனக்கும் வாழைநார் வேண்டும் என்றான். அவனைப் பார்த்து இன்னும் சிலர். லீலா கூட்டித் துடைக்கிற வேலையை விட்டாள். காலை முழுவதும் பொதி கட்டினாள். சணலுக்குப் பாதி, வாழைநாருக்குப் பாதி என்று சேச்சி கடை ஓடியது. உப்பு வேண்டும் என்றவனுக்குச் சணல். ஆயுசு வேண்டும் என்றவனுக்கு நார். இது தாசன் சொன்னது. இப்போது லீலா ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு வைக்கிறாள். பிள்ளைகள் முருங்கைக்கீரையை ஒதுக்குவதில்லையாம். ஏதோ செய்கிறாள். என்னவென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் சமையல் என்னுடையது. குறை சொல்வது அவளுடையது.

போன மாதம் மண்சட்டி வாங்க இரண்டுபேரும் சாலைக் கம்போளத்துக்குப் போனோம். நான் சுமடு விட்டு வருஷங்களாகிவிட்டன. பெரிய மூட்டைகள் இப்போது இல்லை. வருவதெல்லாம் சின்ன மூட்டை, அட்டைப் பெட்டி. சரசம்மச் சேச்சி காலமாகிவிட்டாள். கடை இருந்த இடத்தில் ஓடையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். சுகுமாரன் அண்ணனும் இல்லை. தாசன் மகள் வீட்டோடு போய்விட்டான். ஷெட்டைப் பிரித்துவிட்டார்கள். ஓணத்துக்குள் போய்விடுமோ என்று நான் பயந்த இடம், என்னை விட்டு அல்ல, தானாகவே போய்விட்டது. அங்கே ஸ்கூட்டர்கள் நின்றன.

"எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?" என்று லீலா கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் காலையிலேயே பொதியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அத்தனை நாளும் கட்டினவள், நான் அதைப் பிரித்ததை ஒருநாளும் பார்த்ததில்லை.

தேடினேன். ஷெட்டின் கால் ஊன்றிய குழிகூட இல்லை. மேலே சிமெண்ட் போட்டிருந்தார்கள். இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில் கை காட்டினேன்.

"இங்க. சம்மணம் போட்டு."

அந்தநேரம் ஒரு பையன் வந்து ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். கொஞ்சம் தரை தெரிந்தது. லீலா அதையே பார்த்தாள்.

"இலையை வழிச்சுச் சாப்பிட்டீங்களா?"

"வழிச்சு."

அவள் போய் அந்த இடத்தில் நின்றாள். அதற்குள் வேறொருவன் வண்டியை நிறுத்த வந்து ஹார்ன் அடித்தான். லீலா உடனே நகரவில்லை.