கேட்டைத் தாண்டிய தங்கம்

வெளிமாநில ஊழியத்துக்குப் போகிறேன் என்று திருநெல்வேலியில் எனக்கு மாலை போட்டு, அழுது வழியனுப்பினார்கள். நானும் ரயிலில் கன்னடப் பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் இறங்கி, தொண்டையைச் செருமி, முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். எதிரே நின்ற பெரியவர், “இன்னா சிஸ்டர், வண்டி லேட்டா?” என்றார். அந்தப் புத்தகம் இப்போது என் கட்டிலின் ஆடுகிற காலுக்கு முட்டுக்கொடுக்கிறது.

அந்தப் பெரியவர் தங்கச் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். பௌத்தர். ஆனாலும் எங்கள் சின்ன ஜெபவீட்டில் குழாய் ஒழுகினாலும் ஓடு உடைந்தாலும் அவர்தான் வருவார். சுரங்கத்தை மூடிவிட்டதால், இங்கே வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே பெங்களூர் ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். பகலில் எனக்குக் கிடைப்பவர்கள் சுரங்கப் பென்ஷன்காரர்கள் மட்டுமே. கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்றால், “எத்தினியாவது லெவல்?” என்று கேட்கிறவர்களிடம் என்னத்தைப் பிரசங்கிப்பது?

ஆகவே கிறிஸ்துமஸ் நாடகத்திலும் அவர்களே நடிகர்கள். குழந்தை இயேசுவுக்குப் பொன் கொண்டுபோகும் சாஸ்திரி வேஷம் தனக்குத்தான் வேண்டும் என்று பெரியவர் தானாகவே வந்து கேட்டார். நான் தயங்கினேன்.

“அந்த சாஸ்திரிங்க மட்டும் ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போனவங்களா?” என்றார். வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தேன்; போனதாக எழுதியிருக்கவில்லை. எனக்கு அறவே பிடிக்காத நிலைமை அது.

பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஷிப்ட் முடிஞ்சி தெனம் கேட்ல கைய தூக்கிக்கினு நிப்பேன் சிஸ்டர். தங்கத்த ஒளிச்சிக்கினு போறமான்னு வாயத் தொறந்துகூடப் பாப்பாங்க. ஒரு தபா அத்த கையில எடுத்துக்கினு நடக்கணும்.”

வேஷம் அவருக்குத்தான் என்று முடிவாயிற்று. ஒரு டிபன் டப்பாவில் ஜிகினாத் தாள் ஒட்டிக் கொடுத்தேன். தூக்கிப் பார்த்து முகம் சுளித்தவர், உள்ளே ஒரு கருங்கல்லைப் போட்டு மூடினார். தங்கமென்றால் கனக்க வேண்டுமாம்.

ஏரோது ராஜாவின் காவல்காரனாக, அதே சுரங்க கேட்டில் அந்தக் காலத்தில் சோதனை போட்ட வாட்ச்மேன் ஒருவர் கிடைத்தார். சொந்தமாகக் காக்கிச் சட்டை வைத்திருந்ததால் சேர்த்துக்கொண்டேன். புத்தி வேண்டாமா எனக்கு!

நாடகத்தன்று, “எங்கே செல்கிறீர்கள், ஐயா?” என்பதுதான் அவருடைய ஒரே வசனம். ஜிகினா டப்பாவைக் கண்டதும் அது மறந்துபோயிற்று. “நில்லு! எந்த ஷிப்ட்?” என்று அதட்டினார்.

பெரியவர் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் தூக்கி, “நைட் ஷிப்ட்” என்றார். நட்சத்திரத்தைப் பார்த்து நடக்கிறவர் வேறெந்த ஷிப்டில் வருவார்? கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. தூக்கிய கையில் டப்பாவோடு, வாயையும் திறந்து காட்டினார்.

வாட்ச்மேன் அந்த முகத்தைப் பார்த்தார். அங்கியைத் தடவ நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். “கைய எறக்குங்க. செக் பண்ணியாச்சி, போங்க” என்றார்.

பெரியவர் போனார். மாட்டுத் தொழுவத்துக்கு அல்ல. பக்கத்துக் கதவு வழியாக, டப்பாவோடு, நேரே வெளியே.

“ஐயா, பாலகன் இந்தப் பக்கம்!” என்று திரைக்குப் பின்னாலிருந்து கத்தினேன். மற்ற இரண்டு சாஸ்திரிகளும் பேந்தப் பேந்த விழித்தார்கள். மரியாளாக நடித்த பென்ஷன்காரம்மா கொட்டாவி விட்டார். நாடகத்தைக் கெடுத்த மனிதரை நாலு வாங்கு வாங்குவது என்று வாசலுக்கு ஓடினேன்.

அவர் எங்கள் காம்பவுண்டின் இரும்பு கேட்டைத் தாண்டி, தெருவிளக்கின் கீழ் நின்றிருந்தார். டப்பாவை நெஞ்சோடு அணைத்திருந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. திட்ட வந்த எனக்கு அழுகைதான் வந்தது.

சற்றுப் பொறுத்து அவரே உள்ளே வந்தார். மேடையேறி, வைக்கோல் முன்னணையில் கிடந்த பொம்மைக் குழந்தையின் பக்கத்தில் டப்பாவை டங்கென்று வைத்தார்.

“கேட்டத் தாண்டிப் பாத்துட்டேன்பா” என்றார் குழந்தையிடம். “இனிமே நீயே வெச்சிக்கோ.”